ஜெயராணி ஹோல்ட் போட்டாள்

செல்வம்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். உன் மனைவி அனுப்பும் படங்களில் கன்னத்தில் சதை போட்டிருப்பது தெரிகிறது. வருகிற வாரம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறாய். புளிக்காய்ச்சல் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். கிண்டி, ஆறவைத்து, பாட்டிலில் அடைத்துவிட்டேன். அதோடு சேர்ந்து இந்தக் கடிதமும் வருகிறது. இது நீ மட்டும் படிக்கிற கடிதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரை வைத்து வேலை பார்க்கும் இராஜபாளையத்துப் பேண்டேஜ் யூனிட்டுகள் அத்தனைக்கும் இதில் ஒரு பிரதி போகிறது. உனக்கு முன்னால் அவர்கள் படித்தாலும் படிப்பார்கள். உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு வந்து நாளாகிறது.

உன் புது வேலைக்கு என்னவோ ரிலையபிலிட்டி இன்ஜினியர் என்று பெயராம். உங்கப்பா அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு பால்காரரிடமும் சொல்கிறார், பென்ஷன் ஆபீசிலும் சொல்கிறார். “அப்படின்னா என்னட்டி?” என்று என்னிடம் கேட்டார். சிஸ்டம் சொல்வதை நாலு பேர் நம்பும்படி வைத்துக்கொள்கிறவன் என்று விளக்கினேன். சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது. ஊரில் அத்தனை பிள்ளைகள் இருக்க, நம்பிக்கைக்கு உன்னையா தேடிப் பிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது முந்தாநாள்தான்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. படிக்கப்போகிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். நான் நூல் மில் ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் ஆரம்பித்தேன். பிறகு நம் வீட்டு மாடி அறையில் சொந்தமாக எழுதினேன். முதலில் நூல் ஸ்டாக், அப்புறம் பேண்டேஜ் யூனிட்டுகள். துணி வந்தது முதல் வெளுத்தது, வெட்டியது, மடித்தது, ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் கிருமி நீக்கியது, லாரி ஏறியது வரை ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது சேர்ந்தாற்போல் தயாராகும் ஒவ்வொரு தொகுதி சரக்குக்கும், ஒரு பதிவு. நீ படித்து முடித்து வந்ததும் டேட்டாபேஸ் பக்கம் முழுவதையும் உன்னிடம் விட்டேன். உனக்கு என்னைவிட நன்றாகவே வந்தது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பது உனக்கும் தெரியும், இந்த ஊருக்கும் தெரியும்.

டேட்டாபேஸில் பூட்டு என்று ஒன்று உண்டு. பழைய பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். ஒருவர் ஒரு லாட்டின் பதிவைத் திருத்தத் திறந்தால், அவர் முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் திருத்த முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்து ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இரண்டாவதாக வருகிறவர் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு ஓர் எல்லை வைப்போம். அந்த எல்லை தாண்டினால் டேட்டாபேஸ் கையை விரித்துவிடும்: நீ கேட்டது நடக்கவில்லை, வேறு ஆள் பிடித்து வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடும். இதில் தப்பு ஒன்றுமில்லை. எந்த ஊரில் எந்த டேட்டாபேஸும் இதைத்தான் செய்யும். கேள்வி, அது சொன்னதை நாம் அந்த மனிதரிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதுதான்.

நம் ஊர் யூனிட்டுகளில் இதில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அந்தப் பூட்டு எங்கள் கண்ணில் பாதுகாப்பு. டெஸ்பாட்ச் கிளார்க்குகள் கண்ணில் அது வசதி. லாரி வருவதற்கு முன்பே அன்றைக்கு ஏற்ற வேண்டிய லாட்டைத் திரையில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திறந்து வைத்துவிட்டால் வேறு செக்‌ஷன் ஆட்கள் கடைசி நேரத்தில் அதில் எதையும் மாற்ற முடியாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். “என்ட்ரியைத் தொறந்து வச்சிட்டுப் போலே, எவனும் கை வைக்க மாட்டான்” என்று டெஸ்பாட்ச் கிளார்க் பால்பாண்டி புது ஆளுக்குப் பாடம் எடுத்ததை நானே என் காதால் கேட்டேன். கிளார்க் எழுந்து போனால் பதிவு தானாக மூடிக்கொள்ளும்படி எழுதச் சொன்னேன். எழுதுகிறேன் என்றாய். அதற்கு முன்னால் வேறொன்றை எழுதிவிட்டாய்.

பூட்டுக்குக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டால், திரை முழுவதும் சிவப்பாக ஒரு பெட்டி வரும்படி நான் வைத்திருந்தேன். பதிவாகவில்லை என்று கொட்டை எழுத்தில் நிற்கும். அதைப் படித்துவிட்டு ஆள் கையால் மூடினால்தான் அடுத்த வேலை நகரும். அது வந்தாலே யூனிட்காரர்கள் நமக்குப் போன் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்க மாட்டார்கள், நீ நிச்சயம் செய்த பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறாயா என்றும் பார்க்க மாட்டார்கள். நீ எரிச்சல்பட்டாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போன் வருவது குறைந்தது. “என் மகன் வந்த பொறவு கம்ப்ளைன்ட்டே இல்ல” என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். சத்தம் இல்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேனே, இத்தனை வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு, அந்த முட்டாள்தனம் என்னுடையது.

நீ செய்தது ஒரே ஒரு சொல் மாற்றம். ஒவ்வொரு பிழைக்கும் அது எவ்வளவு கடுமையானது என்று நாம் ஒரு தரம் கொடுக்கிறோம். வேலையை நிறுத்த வேண்டியது எர்ரர். கவனித்துக்கொள்ள வேண்டியது வார்னிங். சும்மா தெரிந்துகொள்ள வேண்டியது தகவல். பூட்டு நேரம் முடிந்த பிழையை எர்ரரிலிருந்து தகவலுக்கு இறக்கிவிட்டாய். சிவப்புப் பெட்டி போனது. திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது. ‘சற்று நேரத்தில் பதிவாகும்.’ சற்று நேரம் கழித்துத் தானாக மறுபடி முயன்று பார்க்கிற ‘ரீட்ரை’ பகுதியை எழுதப்போகிறோம் என்ற நினைப்பில் அந்த வரியை வைத்தாய். அந்தப் பகுதியை நீ கடைசிவரை எழுதவே இல்லை. ஆக, அந்த வரி பச்சைப் பொய். படிக்கிறவர்களுக்கு அது பொய் என்று தெரிய வழியே இல்லை.

இனி ஜெயராணி. பால்பாண்டி இருக்கிற அதே யூனிட்டில் குவாலிட்டி பார்த்த பெண். நம் சாஃப்ட்வேரை முதன்முதலில் கை வைத்து ஓட்டிப் பார்த்தவள் அவள்தான். எந்தத் திரையில் என்ன குறை என்று மாடி ஏறி வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவாள். நீ அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாய். நீ அந்தச் சொல்லை மாற்றிய பிறகு ஒரு நாள், ஆட்டோகிளேவ் தன் பாட்டுக்கு எல்லாம் சரி என்று காகிதம் அடித்துக் கொடுத்தது. லாட்டுக்கு சிஸ்டம் தானாகவே ‘பாஸ்’ போட்டுவிட்டது. அவள் அதோடு விடவில்லை. பெட்டிகளைப் பிரித்து, நீராவி பட்டால் நிறம் மாறுகிற அந்தச் சிறிய பட்டைகளைப் பார்த்தாள். ஒரு மூலையில் அடுக்கியிருந்த பேக்கெட்டுகளில் நிறம் சரியாக மாறவில்லை. உடனே சிஸ்டத்தில் போய் உட்கார்ந்து, ‘ஒரு மூலையில் பட்டை நிறம் மாறவில்லை’ என்று குறிப்பு எழுதி, லாட்டை வெளியே விடாமல் நிறுத்திவைக்கிற ஹோல்ட் பொத்தானை அமுக்கினாள்.

அந்த நேரத்தில் பால்பாண்டி அதே லாட்டைத் திறந்து வைத்துவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் பொத்தானை அமுக்கினால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். குறிப்பு பதிவாக வேண்டும், லாட்டின் நிலை ‘பாஸ்’ என்பதிலிருந்து ‘ஹோல்ட்’ ஆக மாற வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. குறிப்பு வேறு இடத்தில் எழுதப்படுவது, அங்கே பூட்டு இல்லை. அது பதிவாகிவிட்டது. நிலையை மாற்றுகிற வரி பால்பாண்டியின் பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்து தோற்றது. நாம் வைத்திருக்கும் டேட்டாபேஸ் இப்படிப்பட்ட நேரத்தில் தோற்ற அந்த ஒரு வரியை மட்டும்தான் கைவிடும். அதற்கு முன் எழுதியதை அப்படியே வைத்திருக்கும். முழுவதையும் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டியது எழுதுகிறவன் பொறுப்பு. இதை உனக்கு நான் சொல்லித் தந்திருக்கிறேன், நீயே இரண்டு பேருக்குப் பாடமும் எடுத்திருக்கிறாய். உன் புரோகிராம் என்ன செய்தது? தகவல்தானே என்று தாண்டிப் போய், பாதியைச் சேமித்தது. ஜெயராணி திரையின் அடியில் அந்தச் சாம்பல் வரியைப் பார்த்தாள். சற்று நேரத்தில் பதிவாகும் என்றது. நம்பினாள். எழுந்து அடுத்த வேலைக்குப் போனாள். பால்பாண்டி வந்து லாரியை அனுப்பிவிட்டான்.

சரக்கு போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பேக்கெட்டைப் பிரிக்கும் முன் பட்டையைப் பார்த்ததால் யார் புண்ணிலும் அந்தத் துணி படவில்லை. சரக்கு முழுவதும் திரும்பி வந்தது, ஆர்டரும் போனது. முதலாளி ஜெயராணியைக் கூப்பிட்டு விசாரித்தார். சிஸ்டத்தில் அவள் பெயரில், அவள் கையால் எழுதிய குறிப்பு இருக்கிறது. நிலை மட்டும் பாஸ். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? தெரிந்தே விட்டிருக்கிறாள் என்றுதான் தோன்றும். “நான் ஹோல்ட் போட்டேன் சார்” என்று அவள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. உன்னைக் கூப்பிட்டு, “சிஸ்டத்துல எதுவும் தப்பு இருக்காப்பா?” என்று கேட்டார்கள். “எர்ரர் ரிப்போர்ட்டுல ஒண்ணுமே இல்ல சார்” என்றாய். உண்மைதான், ஒன்றும் இல்லை. எர்ரர் என்று வராதபடி மாற்றி வைத்தவன் நீதானே. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே என்னிடம், “ஜெயராணி அத்தை ஏதோ மறந்துட்டாங்கம்மா, பாவம்” என்றாய்.

அவளை அன்றே அனுப்பிவிட்டார்கள். பேண்டேஜ் தொழிலில் இந்த ஊர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிறிது. தெரிந்தே கெட்ட சரக்கை விட்டவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் ஒவ்வொரு கேட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. குவாலிட்டிக்கு எவரும் அவளை எடுக்கவில்லை. இப்போது டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஒரு பால்கோவா கடையில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறாள். உன் கல்யாணத்துக்கு அவளை நான்தான் கூப்பிட்டேன். வருவாளோ மாட்டாளோ என்று நினைத்தேன். வந்தாள். மண்டபத்தில் வரிசையில் நின்று, மேடை ஏறி, கவரைக் கையில் கொடுத்து, “நல்லா இருங்க தம்பி, ஆண்டவர் ஆசீர்வதிப்பாரு” என்றாள். நீ சிரித்தாய். அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. அவள் உன் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறாள். உன் முகத்தில் ஒரு கோணலும் இல்லை. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும்.

எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து நீ வெளியூர் வேலைக்குப் போன பிறகு உன் பக்கத்து வேலையும் என் தலையில் விழுந்தது. வேறொரு யூனிட்டில் கோணி எடையைத் திருத்தினால் பதிவாகவே மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் அந்த வரி. இது எங்கிருந்து வருகிறது என்று புரோகிராமைத் திறந்து தேடினேன். நீ மாற்றிய இடத்துக்கு வந்து சேர்ந்தேன். மாற்றிய தேதியைப் பார்த்ததும் ஜெயராணியின் குறிப்பும் நிலையும் எனக்குத் தானாகவே புரிந்துவிட்டன. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்து அதே மாதிரி செய்து பார்த்தேன். ஒன்றில் திறந்து வைத்துவிட்டு, மற்றதில் ஹோல்ட் போட்டேன். குறிப்பு போனது, நிலை போகவில்லை. பிறகு உனக்குப் போன் செய்தேன். நாம் பேசியதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

“அம்மா, அது டெக்னிக்கலா எர்ரரே இல்லம்மா. செத்த நேரம் கழிச்சுத் திரும்ப அமுக்கினா போயிரும். அதான் எறக்கி வச்சேன்.”

“திரும்ப அமுக்கணும்னு அவளுக்கு யாருலே சொன்னா? சற்று நேரத்தில் பதிவாகும்னுல்லா எழுதி வச்சிருக்க?”

“ரீட்ரை எழுதணும்னுதான் இருந்தேன். பொறவு கல்யாண வேலை வந்துட்டு.”

“உனக்கு இது எப்பம் தெரியும்?”

நான் போனை வைக்கவில்லை.

“அன்னைக்கே பாத்துட்டேம்மா.”

“மொதலாளி ரூமுக்குப் போறதுக்கு முன்னாலயா, பொறவா?”

“முன்னாலதான்.”

அதற்குப் பிறகுதான் நீ அந்தப் பெரிய வார்த்தையைச் சொன்னாய். “உனக்காகத்தாம்மா சொல்லல. சொல்லியிருந்தா அம்புட்டு யூனிட்டும் நம்மள விட்டுப் போயிருக்கும். நீ கட்டுன கம்பெனிம்மா.” எனக்காகவாம். உன் பொய்யைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது உன் குரல்.

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க நாம் மூவரும் படி ஏறினோம். பாதி மலையில் உங்கப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டால் வாயு என்றார், ஒன்றுமில்லை என்றார், நீங்கள் போய்க் கும்பிட்டு வாருங்கள் என்றார். நீதான் நம்பவில்லை. கீழே இறக்கி, மதுரைக்குக் கொண்டுபோனாய். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு, கட்டிலில் கிடந்த மனிதரைப் பார்த்து நீ கத்தினாய். “வலிக்குன்னா வலிக்குன்னு சொல்லுங்கப்பா! ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னா, நாங்க அதை நம்பி மேல போயிருப்போம்லா?” வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அன்று உன்மேல் அவ்வளவு மரியாதை வந்தது. ஆக, உனக்குத் தெரியாதது இல்லை. பெரிய விஷயத்தை ஒன்றுமில்லை என்று சொன்னால் எதிரில் இருக்கிறவர் என்ன செய்வார் என்பது உனக்கு மிக நன்றாகத் தெரியும். உன் அப்பா என்றால் தெரிகிறது. டெஸ்க்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஜெயராணி என்றால் அது டெக்னிக்கல் ஆகிவிடுகிறது.

பிழையின் தரத்தை எப்படித் தீர்மானிப்பது என்று நீ ஒருமுறை என்னிடம் கேட்டபோது, டேட்டாபேஸுக்கு எவ்வளவு அடி என்று பார்க்காதே, திரைக்கு முன் இருக்கிறவர் என்ன நடந்தது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகிறார் என்று பார் என்றேன். நடக்காத ஒன்றை நடந்ததாக நினைத்துப் போகிறார் என்றால், அதைவிடக் கடுமையான பிழை உலகத்தில் இல்லை. டேட்டாபேஸுக்கு அது தூசாக இருக்கலாம். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய். அறிவுரை சொல்கிற பழக்கத்தையே விட்டுவிடலாம் போலிருக்கிறது இப்போது.

ஊருக்கு வந்து முதலாளியிடம் உன் வாயால் சொல் என்று அன்று போனில் சொன்னேன். “பாக்குறேம்மா” என்றாய். ஆடி போனது, ஆவணி போனது. தீபாவளிக்கு வந்தாய், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாய், பட்டாசு வெடித்தாய், அதைப் பற்றி வாயே திறக்காமல் ரயில் ஏறினாய். ஜெர்மனி விசா வந்துவிட்டது என்று அப்பாவுக்குப் போன் வந்த அன்றைக்கு எனக்குப் புரிந்தது, நீ சொல்லப்போவதில்லை. காத்திருப்பதற்கு ஓர் எல்லை வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லித் தருகிறவள், பெற்ற பிள்ளை என்பதால் உனக்கு மட்டும் எல்லையே வைக்காமல் இருந்துவிட்டேன். நான் காத்திருந்த ஒவ்வொரு நாளும் அவள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நானே முதலாளியிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்பம் இதை வெளிய சொன்னா அந்த ஆஸ்பத்திரிக்காரன் சும்மா இருப்பானா? இன்னும் எம்புட்டு லாட் இப்படிப் போச்சுன்னு கேப்பான். விடுங்கம்மா. உங்க மகன் வேற வெளிநாடு போற நேரம். அந்தப் பிள்ளைக்கு வேணும்னா மடிக்கிற செக்‌ஷன்ல எடம் தாரேன்.”

“அவ தப்புப் பண்ணலைன்னு எழுதிக் குடுங்க சார். அது போதும்.”

“அதெல்லாம் எதுக்கும்மா?” என்று சிரித்தார். அவரும் இதைத் தகவலாகத்தான் இறக்கி வைக்கப் பார்த்தார். உனக்கும் அவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. படியிறங்கி வரும்போதே இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே, யூனிட்காரர்களே, நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெயராணி ஹோல்ட் போட்டாள். நம் சாஃப்ட்வேர் அதைப் பாதியில் போட்டுவிட்டு, பதிவாகும் என்று அவளிடம் பொய் சொன்னது. அதை எழுதியவன் என் மகன், விற்றவள் நான். அவன் இறக்கிய தரத்தை மறுபடி ஏற்றி, பாதிச் சேமிப்பு நடக்காதபடி திருத்தி, எல்லா யூனிட்டுக்கும் திங்கட்கிழமை போய்ச் சேரும்படி வைத்திருக்கிறேன். முன்பு இப்படிப் பாதியில் நின்ற பதிவுகள் வேறு ஏதும் உண்டா என்று ஒவ்வொரு யூனிட்டிலும் நானே உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பேன். இதற்குப் பிறகு நம்மை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். செல்வம், முந்தாநாள் உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “பெத்த புள்ளைய இப்படி ஊர் முன்னால நிறுத்தணுமா?” என்றார். அவளை நிறுத்தியபோது யாரும் இப்படிக் கேட்கவில்லையே என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நேற்று ஜெயராணி வீட்டுக்குப் போனேன். செண்பகத்தோப்பு ரோட்டில், வாடகை குறைவு என்று அங்கே மாறியிருக்கிறாள். கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், விரலில் பசை காய்ந்திருந்தது. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவள், உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பம் நான் அமுக்கியிருக்கேன்லாக்கா?”

“அமுக்கியிருக்கட்டி. நீ அமுக்கினது எனக்கு நல்லாத் தெரியும்.”

அவள் முகத்தை நான் என்னவென்று உனக்கு எழுதுவேன். விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே சொன்னாள். “மொதலாளி சொன்னாவ, தம்பியும் சொல்லிச்சு, கவனமா இருக்கக் கூடாதாட்டின்னு நீங்களும் கேட்டீங்க. அம்புட்டுப் பேரும் சொன்ன பொறவு எனக்கே சந்தேகம் வந்துட்டுக்கா. குறிப்பை மட்டும் எழுதிட்டு, பட்டனை அமுக்காம எந்திரிச்சுட்டேன் போலன்னு ஆயிட்டு. சர்ச்சுல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். என் கவனக்குறைவால ஒரு உசுரு போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்னு அழுதேன். மன்னிப்புக் கேட்டு ஜெபம் சொல்லும்மான்னாரு. அன்னையிலிருந்து தெனமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.”

நானும் அன்று அவளை நம்பவில்லை என்பதை அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வரிசையில் ஒன்றாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் வேலை போனது தெரியும், பெயர் போனது தெரியும். அவள் தன் கையையே நம்பாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. நீ பண்ணியதற்கு அவள் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், செல்வம்.

புளிக்காய்ச்சலை வாங்கிக்கொள்ள இங்கே வர வேண்டாம், அப்பா பஸ்ஸில் போட்டுவிடுவார். ஆசீர்வாதம் வாங்கவும் வர வேண்டாம். விமானம் ஏறும் முன் ஒரு நாள் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போ. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போ, அவளும் கேட்கட்டும். நான் சொன்னதை அவள் நம்பினாளா, ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாளா தெரியவில்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், “நெசமாத்தானாக்கா?” என்று இன்னொரு தடவை கேட்டாள். இனிமேல் அந்த ஜெபத்தைச் சொல்ல வேண்டாம் என்று நீதான் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அம்மா